ரிசல்ட் வந்த மறுநாள், பெருமாநல்லூரில்

பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு நாள்தான் ஆகிறது. அதற்குள் ஒரு பனியன் கம்பெனி வேன் ஆள் பிடிக்க வந்துவிட்டது. தேர்வுத் துறையில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் எங்கள் கோப்பு எதுவும் இவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை. ஏஜென்ட் நீட்டும் நோட்டீஸில், 'பெயிலானவர்களும் வரலாம்' என்று இருக்கிறது. தொழில் வளரப் படித்தவர்கள் வேண்டும் என்று இதே ஊர் மேடைகளில்தான் பேசுகிறார்கள்.

கணக்கில் தோற்ற பெண் ஒருத்தி வேன் படியில் கால் வைக்கிறாள். அவளை வழியனுப்ப நிற்கும் அம்மா, வேறொரு கம்பெனியில், தைத்த பனியனில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் வேலை பார்ப்பவர். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒரு பாடம்தானேம்மா? துணைத் தேர்வு சீக்கிரமே வரும். படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம்."

"நெசமாலுங்களா? ஒரு வருசம் காத்திருக்கோணும்னு இவரு சொன்னாருங்களே!"

ஏஜென்ட் சிரிக்கிறார். "அதுலயும் பெயிலானா என்னக்கா பண்ணுவீங்க?"

"ஏனுங்க, ஒரு தையல் விட்டுப்போச்சுன்னு பனியனையேவா வீசறோம்? ஆல்டருக்கு அனுப்பி, பிரிச்சுத் தச்சு, மறுக்கா செக்கிங்குக்குத்தானுங்க வருது?" என்றவர் மகளின் கையைப் பிடிக்கிறார். "எறங்கு கண்ணு, பள்ளிக்கூடத்துக்குப் போலாம்."

"உனக்கு வேலைக்கு நேரமாச்சேம்மா?"

"இன்னைக்கு நான் ஆப்சென்ட். நீ நட."