பாஸ்டரம்மா பிட்டுத் தந்த அப்பம்

பட்டுக்கோட்டை பக்கம் எங்கள் சபைப் பாஸ்டரின் மனைவியைப் பாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான உடம்பு. முக்காடு நழுவாதபடி அதன் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டே இருப்பார். அவர் குரலை நான் அதிகம் கேட்டதில்லை.

துபாயிலிருக்கும் என் வீட்டுக்காரரின் போனுக்காக நான் கடைத்தெரு டெலிபோன் பூத்தில் இருட்டும்வரை காத்திருந்தது பாஸ்டர் காதுக்குப் போய்விட்டது.

"ஆம்பள இல்லாத வீட்டுப் பொம்பளைக்கு இருட்டுல கடைத்தெருவுல என்ன வேல?" என்று சபை நடுவே கேட்டார். எனக்குத் திருவிருந்து அப்பம் கிடையாது என்று சொல்லிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். துபாய்க்கும் எழுதிவிடுவாரோ, வீட்டுக்காரர் நம்பிவிடுவாரோ என்று பயந்துகொண்டே போய் உட்கார்ந்தேன்.

பாஸ்டர் பாட, எல்லோருக்கும் அப்பம் கொடுத்தார்கள். பாஸ்டரம்மா தன் துண்டோடு எழுந்து நேராக என்னிடம் வந்தார். அதைப் பாதியாகப் பிட்டு நீட்டினார்.

"வேணாங்கம்மா, ஐயா பாக்குறாங்க."

"பாக்கட்டும். இது அவரு வீட்டுச் சோறில்ல, கர்த்தர் குடுக்குறது. சாப்பிடும்மா."

வாயில் போட்டுக்கொண்டேன். பாஸ்டர் பாட்டை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா பாஸ்டருடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். நான் பயந்த ஆள் துபாயில் இருந்தார். அந்த அம்மாவோ பாஸ்டரோடு ஒரே வீட்டுக்குப் போனார். கதவைச் சாத்தியபின் என்ன நடந்ததென்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.