சிறுத்தையை விரட்டிய ஞாயிற்றுக்கிழமை

ஒரு சிறுத்தை என்னைப் பார்த்துப் பயந்துவிட்டது என்று மூன்று மணி நேரம் நம்பினேன். நாற்பத்தெட்டு வயது, முன்தள்ளிய தொப்பை, முட்டிவலிக்கு நீலப் பட்டை. என்னைப் பார்த்து எங்கள் வீட்டுப் பூனைகூடப் பால் கிண்ணத்தை விட்டு நகர்ந்ததில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் சிறுத்தையைக் காப்பாற்றியிருக்கலாம்.

கர்நாடக எல்லைப் பக்கம், சானமாவு காட்டோரம், வறண்ட ஏரிக்குள் எங்கள் கம்பெனி ஆட்கள் ஞாயிறுதோறும் கிரிக்கெட் ஆடுவோம். ஓட முடியாதவர்களை எல்லைக்கோட்டில், உண்ணிச்செடிப் புதர் பக்கம் நிறுத்திவிடுவார்கள். பந்து அங்கே வராது என்று ஒரு நம்பிக்கை. அன்று வந்தது. புதருக்குள் போனது. நானும் போனேன்.

குனிந்து தேடும்போது பத்தடியில் ஓர் உறுமல். நிமிர்ந்தால், காதைப் பின்னுக்கு மடித்த முகம். என்மேல் பாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு "அம்மா!" என்று அலறினேன். கண்ணைத் திறந்தால் அது பழைய இடத்திலேயே விழுந்து கிடக்கிறது. என் குரலுக்கு இத்தனை வலுவா என்று வியக்கக்கூட நிற்கவில்லை. ஓட்டம். முட்டிவலி எங்கே போனதோ, ஒரு ஷூ மட்டும் புதரிலேயே தங்கிவிட்டது.

பிட்சின் நடுவில் வந்து விழுந்தேன். கேப்டன் திருநெல்வேலிக்காரர், என்னோடு வேலை பார்ப்பவர்.

"என்ன அண்ணாச்சி, பந்து எங்க?"

"சிறுத்தப்பா! மேல பாஞ்சிடுச்சி!"

"மேல பாஞ்சிருந்தா நீரு எப்படி முழுசா வந்தீரு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் என் பேண்டைப் பார்த்து, "தண்ணி பாட்டில் சாஞ்சிடுச்சாண்ணா?" என்றான். அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது.

"ஒரே அதட்டு. காட்டுக்குள்ள ஓடிப் போச்சி" என்றேன்.

கேப்டன் போனை எடுத்தார். "எதுக்கும் ஃபாரஸ்ட்டுக்கு ஒரு வார்த்த சொல்லிருவோம்."

அவர்கள் வந்தால் எந்தப் பக்கம் போனது என்று கேட்பார்கள். அது போனதை நான் பார்க்கவேயில்லை. "இந்நேரம் கர்நாடகாவுக்கே போயிருக்கும். உள்ள வைப்பா" என்றேன். வைத்துவிட்டார்.

பாதிப் பேர் சிறுத்தையையே நம்பவில்லை. மீதிப் பேர் நான் விரட்டியதை நம்பினார்கள். ஸ்டம்பை மறுகோடிக்கு மாற்றி ஆட்டம் தொடர்ந்தது. நான் மரத்தடியில் உட்கார்ந்து கதையை வளர்த்தேன். மூன்றாம் முறை சொன்னபோது சிறுத்தை வாலைச் சுருட்டிக்கொண்டது. நடுவில் புதர்ப் பக்கம் இரண்டு முறை உறுமல் கேட்டது. நாய் என்றேன்.

ஒரு மணிக்கு ஆடு மேய்க்கும் பெண் ஒருவர் ஓடி வந்தார்.

"யாராச்சும் வாங்கப்பா! சிறுத்த சுருக்குல மாட்டிக்கினு துடிக்குது. இன்னும் உசுரு இருக்குது!"

தள்ளி நின்று பார்த்தோம். பன்றிக்கு யாரோ வைத்த சுருக்கு. பைக்கின் கிளட்ச் கம்பி. ஒரு முனை மரத்தூரில், மறுமுனை அதன் இடுப்பில். சுற்றிலும் மண் வட்டமாகப் பிறாண்டிக் கிடந்தது. கம்பெனியில் அதே மாதிரிக் கம்பிகளை இழுத்துப் பார்த்து, அறாது என்று முத்திரை போடுவது என் வேலை.

"ஓடிப் போச்சுன்னீரே, அண்ணாச்சி" என்றார் கேப்டன். அவர் போன் போட்டார்.

ஃபாரஸ்ட்காரர்கள் அரை மணியில் வந்தார்கள். மயக்க ஊசி போடும் டாக்டர் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. அவருடைய ஜீப் வந்து நின்றபோது மணி மூன்றே முக்கால். சிறுத்தை மூன்றரைக்குச் செத்திருந்தது. நான் அதைப் பார்த்தது காலை பத்து மணிக்கு.