மடங்காத முழங்கை

பலெர்மோ நகரின் பல்லரோ சந்தையில் இன்று யாரோ மந்தரின் தோடம்பழம் உரித்த மணத்தில், சியாகுல்லித் தோடம்பழத் தோட்டங்களின் ஓரத்தில் நாங்கள் ஞாயிறுதோறும் கிரிக்கெட் விளையாடிய, இப்போது மாடிவீடுகள் மூடிவிட்ட அந்த வெறுங்காணி நினைவில் திரும்பி வந்தது. இளமையில் பலெர்மோவின் ஆரம்பகாலப் பேஸ்பால் அணியொன்றில் பந்தெறிந்து, பிறகு எறியத் தெரிந்த பிள்ளைகளைத் தேடி அலைந்த சிஞ்ஞோர் நீனோ, அங்கே பழம் உரித்தபடி பந்தை விட்டு எங்கள் தோள்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் ஒரு பழத்தைத் தந்து தூரத்து மரத்தைக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் பந்துவீச்சாளராயிருந்த அப்பா பழக்கியபடி கையை மடக்காமல் சுழற்றி வீசினேன். பழம் பாதிவழியில் விழுந்தது. முழங்கையை மடக்கச் சொல்லி அவர் சைகை காட்டினார். அப்பாவின் கிரிக்கெட்டில் அது அலாப்பல், பெரிய களவு. நான் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா மறுபக்கம் திரும்பிக்கொண்டு, "ஓம் பிள்ளை, மடக்கி எறி. நான் பாக்கேல்லை" என்றார்.