ஒரு சர்வர், பத்துத் தின்

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதிலும் கம்ப்யூட்டர் படிப்பு. அதனால் ராயப்பன்பட்டியில் யார் வீட்டு டிவி ரிமோட் மக்கர் செய்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். நானும் போய் பேட்டரியைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு, பட்டம் வாங்கிய முகத்தோடு வீடு திரும்புவேன்.

உத்தமபாளையத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எனக்கு வேலை. முதலாளி திராட்சைத் தோட்டக்காரர். டைப் படிக்க ஆள் குறைந்ததும் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பிக்க முடிவு செய்தார். பத்துப் புதுக் கம்ப்யூட்டர் தருவதாக அல்லிநகரத்து வியாபாரி ஒருவர் வந்தார். சொல்லிக்கொடுக்க ஆளையும் அவரே அனுப்புவாராம். அந்த ஆள் வந்தால் என் நாற்காலி போய்விடும்.

நான் வேறு வழி சொன்னேன். பலமான கம்ப்யூட்டர் ஒன்று, அதில் லினக்ஸ். மற்ற பத்தும் ஹார்ட் டிஸ்க் இல்லாத பழைய பெட்டிகள். வேலையெல்லாம் பெரியதில் நடக்கும், பெட்டிகள் அதைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். பெரியதற்குப் பெயர் சர்வர். சின்னவை தின் கிளையண்ட். இங்கிலீஷில் தின் என்றால் ஒல்லி. மென்பொருள் எல்லாம் இலவசம்.

"ரெண்டு பேரும் வெள்ளிக்கிழம செஞ்சு காட்டுங்க. எது நல்லாருக்கோ அது" என்றார் முதலாளி.

அவர் வீட்டில் மகனுக்கு வாங்கிய புதுக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதைக் கேட்கலாமென்று வியாழக்கிழமை போன் போட்டேன். தோட்டத்தில் மருந்தடிக்கும் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. கத்தினேன்.

"மொதலாளி, நாளைக்கு நல்ல சர்வர் ஒண்ணு வேணும்! பத்துத் தின்னுக்குத் தாங்கணும்!"

"பத்தும் தின்னுமா?"

"ஆமா, பத்தும் தின்னுதான்!"

"அதுக்கென்னத்தா, ஏற்பாடு பண்ணிருவோம்!"

வெள்ளிக்கிழமை காலையில் வியாபாரி தன் புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேசைமேல் ஏற்றிவிட்டார். முதலாளியின் ஜீப் வந்தது. அதிலிருந்து பஸ் ஸ்டாண்டு ஓட்டல் சர்வர் இறங்கினார். ஒரு கையில் சாம்பார் வாளி, இன்னொரு கையில் இலைக்கட்டு. பின்னாலேயே ஒரு அண்டா இட்லி.

"எங்கனத்தா அந்தப் பத்துப் பேரும்?" என்றார் முதலாளி.

வியாபாரி சிரித்த சிரிப்பில் அவர் வைத்த குங்குமம் பறந்தது. எனக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் படித்தவள் இல்லையா, விடுவேனா?

"மொதலாளி, நான் சொன்ன மெஷினும் இவுக மாதிரிதான். சமையல் ஒரு எடத்துல. பத்து எலைக்கும் பரிமாறுறது ஒருத்தர். எலைக்கு எலை அடுப்பு எதுக்கு?"

முதலாளி யோசித்தார். "சரி. இவரு லீவு போட்டா?"

"அப்படிக் கேளுங்க சார்!" என்று வியாபாரி கைதட்டினார். "பத்துப் பேரும் பட்டினி!"

நல்ல கேள்விதான். "மாத்துக்கு இன்னொரு சர்வர் வச்சுக்கலாம், மொதலாளி."

"என் தம்பி சும்மாதான் இருக்கான்" என்றார் ஓட்டல் சர்வர்.

கடைசியில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே லினக்ஸ் சிடியைப் போட்டு அதைச் சர்வராக்கினேன். அதற்கு ஏற்கெனவே ஒரு யுபிஎஸ் இருந்தது. பழைய பெட்டி ஒன்றை அதோடு கேபிளில் இணைத்தேன். சென்டர் திறப்பு விழா அழைப்பை இரண்டிலும் அடித்துப் பார்ப்பதாக முதலாளி சொன்னார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் முதலாளிதான், ஆனால் ஒற்றை விரல். ஒவ்வொரு எழுத்தையும் கொசுவைத் தேடுவதுபோல் தேடி அடித்தார். வியாபாரியின் கம்ப்யூட்டரில் மூன்று வரி. அப்புறம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் பெட்டியில் மூன்றாவது வரியில் "அன்புடன் அழைக்கிறோ" வரை வந்திருப்பார், கரண்ட் போய்விட்டது.

"ஒம் பெட்டியும்தான அணைஞ்சுச்சு!" என்றார் வியாபாரி.

"பெட்டிதாண்ணே அணைஞ்சுச்சு" என்றேன். சர்வரை அணையவிடாமல் தாங்கிய யுபிஎஸ் மட்டும் கீச்கீச் என்று கத்திக்கொண்டிருந்தது. சும்மா இருப்பானேன் என்று ஓட்டல் சர்வர் இலை போட்டார். எனக்கு இட்லி இறங்கவில்லை. வியாபாரி மூன்றாவது தரம் சாம்பார் கேட்டார்.

கரண்ட் வந்தது. வியாபாரியின் கம்ப்யூட்டர் டொய்ங் என்று பாட்டுப் பாடி எழுந்தது. அழைப்பு அதில் இல்லை. நான் என் பெட்டியைப் போட்டு, சர்வரோடு மறுபடி இணைத்தேன். மூன்று வரியும் இருந்தன. "அழைக்கிறோ"வுக்குப் பக்கத்தில் கர்சர், "ம்" எங்கே என்பதுபோல் கண்ணடித்துக்கொண்டு நின்றது.

முதலாளி திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"சேவ் பண்ணிருந்தா இதுலயும் இருந்திருக்கும் சார்..." என்று வியாபாரி இழுத்தார்.

"தம்பி, இன்னொருக்கா அந்த மூணு வரிய அடிக்க எனக்குத் தெம்பு கெடையாது. இந்தப் புள்ள சொன்னதே இருக்கட்டும். சொல்லிக்குடுக்கவும் இவளே போதும்" என்றார் முதலாளி.

எவ்வளவு அடக்கியும் என் முகத்தில் பட்டமளிப்பு விழா நடந்துவிட்டது.

வியாபாரி வயர்களைச் சுருட்டினார். முதலாளி ஜீப் பக்கம் போனதும் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, போடிப் பக்கம் ஒரு எடத்துல இதே மாதிரிக் கேக்குறாக. அந்த சிடி ஒரு காப்பி... கெடைக்குமா?"

"தாராளமா எடுத்துக்கங்கண்ணே. இதக் காப்பி போட்டா தப்பே கெடையாது. யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்" என்று பாடம் நடத்தும் குரலில் சொல்லி, ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

சரி சரி என்று தலையாட்டினார். பிறகு வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பொத்தானையும் போட்டார்.

"கையிலேயே கொண்டு போங்கண்ணே!" என்று கத்தினேன். அவர் ஓட்டமும் நடையுமாகத் தெருமுனை தாண்டிவிட்டார்.