மகளின் பதில்களை நான் நிரப்பினேன்

எங்கள் மகள் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக்கும் பெற்றோர் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. எந்த வேலையானாலும் வகுப்பாசிரியை முதலில் மாணவர் பெயர்ப் பட்டியலைப் போடுவார். வேலையை முடித்த பெற்றோர் அந்தப் பட்டியலை நகலெடுத்து, தங்கள் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் வைத்துத் திரும்பப் போட வேண்டும். விளையாட்டுச் சட்டை அளவு, காப்புறுதி, தடுப்பூசிக்கு ஒப்புதல் எல்லாம் இப்படித்தான். காலையில் வெறுமையாக இருக்கும் பட்டியல் மதியத்துக்குள் பாதி பச்சையாகிவிடும். சாயந்திரம் மூன்று நான்கு பெயர்கள் மட்டும் மொட்டையாக நிற்கும். அதில் நம் பிள்ளையின் பெயர் இருந்தால் உடம்பு கூசும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள்.

இந்தப் பள்ளி ஆண்டின் முதல் தவணையில் அந்தக் குழுவில் ஒரு லிங்க் வந்தது. மாணவர்களின் பாதுகாப்பு, மனநலம் பற்றிய கேள்விகள். மாணவர்களே பதில் சொல்ல வேண்டும் என்று முதல் வரியிலேயே மலாயில் எழுதியிருந்தது. நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் வேலையே ஃபாரம் நிரப்புவதுதான். வீடு வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள் வந்து உட்காருவார்கள். “நீங்களே போட்டுடுங்கம்மா, நான் கையெழுத்து வச்சிடறேன்” என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் என் எழுத்தில் குறை சொன்னதில்லை. கோயிலிலும் சரி, அடுக்குமாடியிலும் சரி, என்னைத் தேடித்தான் வருவார்கள். வீட்டில் மகளின் பள்ளி விஷயம் எது வந்தாலும் நான்தான் நிரப்புவேன். அவளுக்குத் தனியாகப் போன் கிடையாது.

அன்று வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறி நின்றபோது பட்டியலைப் பார்த்தேன். மூன்று பெயர்கள்தான் பாக்கி. அதில் ஒன்று எங்கள் மகளுடையது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையின் கட்டைவிரலால் தட்ட ஆரம்பித்தேன். பள்ளியில் பாதுகாப்பாக உணர்கிறாயா? எப்போதும். ஓய்வு நேரத்தில் யாரோடு சாப்பிடுகிறாய்? நண்பர்களோடு. பள்ளிக்கு வரப் பிடிக்காத நாட்கள் உண்டா? இல்லை. ஆசிரியரிடம் தனியாகப் பேச விரும்புகிறாயா? இல்லை. பந்தாய் டாலாமில் தொடங்கியது, அடுத்த நிறுத்தமான பெட்டாலிங்குக்குள் முடிந்துவிட்டது. டிக் வைத்துப் பட்டியலைப் போட்டேன். வகுப்பாசிரியை உடனே உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார். எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டுக்குப் போனதும் மகள் கையை நீட்டினாள்.

“அம்மா, டீச்சர் ஒரு லிங்க் அனுப்பியிருப்பாங்க. போன் குடுங்க.”

“முடிச்சிட்டேன்லா. மூணு பேர்தான் பாக்கி, உன் பேரும் அதுல இருந்துச்சு.”

“நாங்கதான் செய்யணும்னு சொன்னாங்க.”

“யார் செஞ்சா என்ன? எல்லாம் நல்லதாத்தான் போட்டிருக்கேன்.”

“என்ன போட்டீங்க?”

“நல்லா இருக்கேன்னு.”

அவள் என் கையிலிருந்த போனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஓகே லா” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயடியிலிருந்து கேட்டாள், “மறுபடி செய்ய முடியாதா?”

“ஒரு தடவைதான் போகும்” என்றேன். அது உண்மையா என்று நான் பார்க்கக்கூட இல்லை.

தவணை விடுமுறைக்கு முன் பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஓர் அறிக்கை வந்தது. பின்வாசலுக்குப் புதுப் பூட்டு, மாடிப்படியில் கேமரா, ஓய்வு நேரத்தில் கேண்டீனில் ஓர் ஆசிரியர் நிற்பது, இவற்றோடு அந்தக் கேள்விகளின் முடிவும் இருந்தது. எங்கள் வகுப்பில் தனியாக அழைத்துப் பேச வேண்டிய நிலையில் மாணவர் எவரும் இல்லை என்று போட்டிருந்தார்கள்.

மகள் முன்பு படித்த தமிழ்த் தொடக்கப்பள்ளியிலிருந்து அங்கே போன பிள்ளைகளின் பெற்றோர் தனியாக ஒரு தமிழ்க் குழு வைத்திருக்கிறோம். பள்ளி மலாயில் அனுப்புவதைச் சுருக்கித் தமிழில் எழுதிப் போடுவது என் பொறுப்பு. இதையும் எழுதினேன். எங்கள் வகுப்பைப் பற்றிய வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன்.

“நன்றி அக்கா. நம்ம வகுப்புப் பிள்ளைங்க தங்கம்” என்று ஒரு தாய் எழுதினார்.

“எங்க வீட்டுத் தங்கம் காலையில எழுந்திருக்கவே மாட்டேங்குது. அதையும் ரிப்போர்ட்ல சேர்க்கச் சொல்லுங்க” என்றார் ஒரு தந்தை. நான் அலுவலக மேசையில் உட்கார்ந்து சிரித்தேன்.

விடுமுறை முடிந்து இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பள்ளி வேன் ஓட்டும் அங்கிள் கூப்பிட்டார்.

“பாப்பா இன்னும் வரலம்மா. மத்த பிள்ளைங்க எல்லாம் ஏறியாச்சு. இன்னிக்கு ஸ்கூலுக்கு வந்துச்சுதானே?”

“காலையில நீங்கதானே அங்கிள் ஏத்திட்டுப் போனீங்க.”

“அதாம்மா. நான் உள்ள போய்க் கேட்டுட்டு வரேன்.”

பள்ளி அலுவலகத்தில் போனை எடுக்கவில்லை. கொமுட்டருக்குக் காத்திருக்க முடியாமல் ஒரு வாடகைக் காரில் ஏறினேன். நெடுஞ்சாலையில் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது மறுபடி அங்கிளின் போன். கிடைத்துவிட்டாள். மேல்மாடிக் கழிவறையில் இருந்திருக்கிறாள். கதவை வெளியிலிருந்து யாரோ கட்டியிருந்தார்கள்.

அங்கே என்ன நடந்தது, யார், எத்தனை நாளாக, என்ன சொன்னார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. கதவு கட்டியிருந்தது என்பது வரைக்கும் எழுதலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். துப்புரவு வேலை செய்யும் பெண் என்னிடம் சொன்னதையும் எழுதலாம் என்றாள். கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். படிக்கட்டில் வாளியோடு நின்று சொன்னார், “இந்தப் புள்ள ரெசஸ் டைம்ல தினமும் இங்கதான் வரும் ஆன்டி. சாப்பிட்டுட்டு டப்பாவக் கழுவி எடுத்துட்டுப் போகும். கேண்டீன்ல கூட்டம் போலன்னு நெனச்சேன்.”

தினமும் காலையில் அந்த டப்பாவில் சோறு போட்டுக் கொடுத்தவள் நான். கழுவித் திரும்பி வந்த டப்பாவைப் பார்த்து எத்தனை பொறுப்பான பிள்ளை என்று சந்தோஷப்பட்டவளும் நான்தான்.

பள்ளியின் ஆலோசனை ஆசிரியை என்னையும் மகளையும் தன் அறையில் உட்காரவைத்தார். வயது குறைந்த மலாய்ப் பெண். கண்கள் சிவந்திருந்தன. மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பி, மலாய் மரியாதைப்படி என்னைப் புவான் என்று அழைத்துப் பேசினார்.

“இவளுடைய பதில்களை இப்போதுதான் மறுபடி பார்த்தேன், புவான். பாதுகாப்பாக இருக்கிறேன், நண்பர்களோடு சாப்பிடுகிறேன், யாரிடமும் பேச வேண்டியதில்லை. இதை நம்பித்தான் நான் கூப்பிடவில்லை.” பிறகு மகளிடம் திரும்பிக் கேட்டார். குரலில் கோபமே இல்லை. “ஏன் உண்மையை எழுதவில்லை? எழுதியிருந்தால் அந்த வாரமே உன்னைக் கூப்பிட்டிருப்பேனே.”

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான் இருக்கும். பிறகு குனிந்துகொண்டு மலாயில் சொன்னாள், “மன்னிச்சிடுங்க டீச்சர்.”

நான் கைப்பையைத் திறந்து டிஷ்யூ தேடினேன். முன் ஜிப்பில் தேடினேன், பின் ஜிப்பில் தேடினேன். பேச்சு வேறு பக்கம் திரும்பும்வரை தேடிக்கொண்டே இருந்தேன். ஒரு வாக்கியம் போதும். நான்தான் நிரப்பினேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆசிரியை முன்னால் சொல்ல என் வாய் திறக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை எனக்காகப் பழியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடமும் சொல்லவில்லை. அவர் துறைமுகத்தில் கிடங்கு மேற்பார்வையாளர். அவருக்குக் கோபம் வருவது குறைவு, வந்தால் இறங்காது. “எல்லாம் சேஃப்னு பேப்பர் விட்டாங்களே. என் பிள்ளை எங்க சாப்பிடுதுன்னு தெரியாதவங்க எதுக்கு ரிப்போர்ட் எழுதுறாங்க?” என்று கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். என் பிள்ளை எங்கே சாப்பிடுகிறது என்று எனக்கும்தான் தெரியாமல் இருந்தது.

நடந்ததை வேன் அங்கிள் மூலம் தெரிந்துகொண்ட தமிழ்க் குழுவும் கொதித்தது. “நம்ம பிள்ளைன்னா இவங்களுக்கு இளக்காரம்” என்று ஒருவர். “அந்த கவுன்சலிங் டீச்சர் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்களாம்?” என்று இன்னொருவர். திங்கட்கிழமை காலை எல்லாரும் சேர்ந்து தலைமையாசிரியரைப் பார்ப்பது, ஆசிரியையை மாற்றச் சொல்லி மனு கொடுப்பது என்று முடிவானது. “அக்கா, நீங்களே எழுதிடுங்க. முன்னால நில்லுங்க. உங்களுக்குத்தான் பேச வரும்.”

நான் சரி என்று எழுதினேன். இதைச் சொல்வதுதான் எனக்கு இன்னும் கடினம். ரயிலில் செய்ததை அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, நல்ல அலுவலக மலாயில், கடமையில் கவனக்குறைவு என்று ஆரம்பித்து அந்த மனுவை நான் தட்டச்சு செய்தேன். யோசித்துத்தான் செய்தேன். அந்தப் பெண்ணின் வேலைக்கு ஏதாவது ஆகும் என்று தெரிந்தும் செய்தேன். என்னைப் பற்றித் தெரியாமல் போய்விட்டால் போதும் என்று இருந்தது.

மகள் எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“டீச்சர் மேல கம்ப்ளெய்ன்ட்டா?”

“ஆமா.”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரலை உயர்த்தாமல் மறுபடி கேட்டாள். “அம்மா, அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?”

“அன்னிக்கு நீ ஏன் அவங்ககிட்ட சொல்லல? அம்மாதான் போட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க.”

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கும்போது அம்மாதானே சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். பிறகு அவளே சொன்னாள், “அந்த ஃபாரத்துல எழுதலாம்னுதான் இருந்தேன். நேர்ல சொல்ல வராது எனக்கு. அதுல தட்டினா போதும்ல.”

நான் மனுவை அழித்தேன். எல்லாரிடமும் சொல்லிவிடட்டுமா என்று அவளைக் கேட்டேன். அவளைக் கேட்டு ஒன்றைச் செய்தது அநேகமாக அதுதான் முதல் முறை. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

“உங்க பங்கை மட்டும் சொல்லுங்க. என்னோடதை நான் சொல்லிக்கிறேன்.”

முதலில் கணவரிடம் சொன்னேன். அவர் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நீயா?” என்று மட்டும் கேட்டார். துணியைப் பிழிந்துவிட்டு, ஏற்கெனவே துடைத்த கதவையே மறுபடி துடைத்தார்.

பிறகு குழுவில் மூன்று வரி எழுதினேன். மகளுக்கு வந்த கேள்விகளுக்கு நானே பதில் போட்டேன், அவளைக் கேட்கவில்லை, ஆசிரியை மேல் தப்பில்லை. யாரோ எழுதுவதாகத் திரையில் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. கடைசியில் முன்பு வேடிக்கை பேசிய அந்தத் தந்தைதான் எழுதினார். “என் மகனோடதையும் நான்தான் போட்டேன். கார்ல, சிவப்பு விளக்குல.” அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் தனியாக எனக்கு அனுப்பினார்: “இதையெல்லாம் குரூப்ல போடணுமா அக்கா? வெளிய தெரிஞ்சா நமக்குத்தானே அசிங்கம்.” இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் போட்டேன். திங்கட்கிழமைப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை நானும் மகளும் மட்டும் போனோம். ஆலோசனை ஆசிரியையின் எதிரில் உட்கார்ந்ததும் என் மலாய் என்னைக் கைவிட்டது. தினமும் அதில்தான் வேலை செய்கிறேன், அன்று ஒரு வாக்கியம் முழுசாக வரவில்லை. அந்தப் பதில்கள் என்னுடையவை, அன்றைக்கு இங்கே உட்கார்ந்தும் நான் சொல்லவில்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன். மனு எழுத ஆரம்பித்ததையும் சொன்னேன்.

அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

“அறிக்கை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டது, புவான்” என்றார். “இந்தப் பதில்களை நம்ப முடியாது என்று நான்தான் எழுத வேண்டும். எல்லா வகுப்புக்கும் மறுபடி வைக்க வேண்டும், காகிதத்தில், வகுப்பறையில்.” என்னைப் பார்க்காமல் ஒரு தாளை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு நாற்காலியை மகள் பக்கம் திருப்பிப் போட்டு, “நாம் பேசும்போது அம்மா இங்கே இருக்கட்டுமா?” என்று கேட்டார்.

மகள் ஆசிரியையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வேண்டாம்” என்றாள்.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வெளியே தாழ்வாரத்தில் ஒரு நீண்ட பெஞ்சு இருந்தது. உட்கார மனமில்லாமல் நின்றேன். அறையின் கண்ணாடிச் சன்னல் வழியே அவள் பின்தலையும் ஒரு தோளும் தெரிந்தன. முதலில் அசையாமல் இருந்தாள். பிறகு வலது கை எழுந்தது, எதையோ காட்டியது, உயரம் காட்டியது, யாரோ நடப்பதுபோல இரண்டு விரலால் மேசைமேல் நடந்து காட்டியது. இடையில் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. கேட்கிற தூரத்துக்கு ஓரடி எடுத்து வைத்தேன். பிறகு சன்னலை விட்டு விலகிப் படிக்கட்டுப் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன்.