நிஸ்தார் நானா எழுதி நான் அனுப்பாத வரிகள்

நிஸ்தார் நானா மௌத்தான செய்தி அவருடைய மூத்த மகளிடமிருந்து வந்தது. "வாப்பா விடிய சுபஹுக்கு மௌத்தாகிட்டாங்க அங்கிள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். தெரிஞ்சவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றாள். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் காணி விற்பனை அலுவலகத்தின் கதவை அப்போதுதான் திறந்திருந்தேன். ஒரு வாரமாக அவர் உட்காராத கதிரை என் மேசைக்கு எதிரே இருந்தது.

அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் அன்று முதலில் வந்தது துக்கமாகத்தான் இருந்திருக்கும். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஒரு விஷயம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இனி எனக்கு மட்டும்தான் என்று ஒரு பெருமூச்சு விட்டேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. சீ, இப்படியும் ஒரு மனுசனா என்று நீங்கள் காறித் துப்பலாம். ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுத் துப்புங்கள்.

பதினொரு வருடம் நாங்கள் இருவரும் ஒரே அறையில் வேலை செய்தோம். இணையத்தில் காணி விளம்பரம் போடுவோம். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் மின்னஞ்சலில் விசாரிப்பார்கள். பத்துப் பேர் விசாரித்தால் ஒன்பது பேர் விலையைக் கேட்டதோடு காணாமல் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதி, மறக்காமல் வைத்திருப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி. மற்ற இடங்களில் ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் தட்டிவிடுவார்கள். நிஸ்தார் நானா ஆளுக்கு ஆள் தனித்தனியாக எழுதுவார். கணினியில் தட்டெழுதத் தெரியாது. பழைய கலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பேனையால் எழுதி என்னிடம் நீட்டுவார். நான் தட்டெழுதி அனுப்புவேன். கடைசியில் "இப்படிக்கு, நிஸ்தார், மாத்தளை" என்று இருக்கும்.

ஒருவருக்கு மூன்று மின்னஞ்சல் என்பது அவருடைய கணக்கு. முதலாவதில் காணியின் நல்லது. மூன்றாவதில், முடிவு எதுவானாலும் ஒரு வரி எழுதுங்கள் என்ற வேண்டுகோள். இரண்டாவதுதான் அவருக்கே உரியது. அதில் காணியின் குறைகளை மட்டும் எழுதுவார். அதற்கு நான் "குறை மெயில்" என்று பெயர் வைத்திருந்தேன். "ஏன் நானா, நம்ம வாயாலேயே நம்ம சாமான கெடுக்கணுமா?" என்று ஆரம்பத்தில் கேட்டேன். "நல்லத அவங்களே வந்து பார்த்துத் தெரிஞ்சிக்குவாங்க சேகர். கெட்டது ஒரு நாள் பார்த்தா தெரியாது. அத நாமதான் சொல்லணும்" என்றார்.

சீகிரியாப் பக்கத்தில் ஒரு காணி வந்தது. நல்ல இடம், சுற்றுலா விடுதி கட்டத் தோதானது. கனடாவிலிருந்து ஒருவர் துடியாய்த் துடித்தார். நிஸ்தார் நானா பஸ் ஏறிப் போய் அங்கே ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து எழுதினார்: "இந்தக் காணி வழியா யானை போகுது. அது தன்ட காணின்னு நெனச்சிட்டு இருக்கு. அதுகிட்ட உறுதிப் பத்திரம் கேட்க ஏலாது." நான் தலையில் கைவைத்துக்கொண்டு அனுப்பினேன். கனடாக்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்தக் காணியை விட்டார். அடுத்த வருடம் தம்புள்ளையில் வேறொரு காணியை, பார்க்காமலே, அவரிடம்தான் வாங்கினார்.

பதில் போடாதவர்களை நான் பட்டியலிலிருந்து அழித்துவிடுவேன். அதற்கு மட்டும் அவருக்குக் கோபம் வரும். "பதில் போடாதவங்க வேணாம்னு சொல்லல்ல சேகர். அவங்களுக்கு என்ன பாடோ" என்பார். ஜெர்மனியில் ஒருவருக்கு இரண்டு வருடம் எழுதிக்கொண்டே இருந்தார். "சுவத்துக்கு எழுதுறீங்க நானா" என்று கேலி செய்தேன். கடைசியில் அந்த மனிதர் பதில் போட்டார். மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் ஊரிலிருந்து தனக்கு வந்த ஒரே கடிதம் இதுதான் என்று எழுதியிருந்தார். காணி வாங்கவில்லை. நிஸ்தார் நானா அன்று எனக்குப் பிளேன்டீ வாங்கித் தந்தார்.

இனி மல்லிகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

மல்லிகா மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். டோஹாவில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் பதினான்கு வருடம் வேலை செய்தார். வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது, மெயில் போடுங்கள், அறைக்கு வந்து வாசிப்பேன் என்று எழுதியிருந்தார். அம்மாவை லயத்திலிருந்து கூட்டிவந்து சொந்த மண்ணில் வைக்கவேண்டும், கொஞ்சம் மரக்கறி போடவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அவர் கேட்டது நாவுலவில் இருந்த அரை ஏக்கர். அதன் சொந்தக்காரர் என் மனைவியின் அண்ணன். "மச்சான், இன்னும் விக்கலியா? ஒங்க ஆபீசுல என்னதான் செய்றீங்க?" என்று நாளுக்கு இரண்டு தடவை அழைப்பார்.

நிஸ்தார் நானா வழக்கம்போல நாவுலவுக்குப் போனார். அது ஜனவரி மாதம். கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். வேறு யாராவது என்றால் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். இவர் பக்கத்துக் காணிக்காரரிடம் சிங்களத்தில் அரை நாள் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தார். குறை மெயில் எழுதினார். தார் வீதிக்கு அரை மைல் நடக்கவேண்டும். தென்னையில் தேங்காயைக் குரங்கு விட்டுவைக்காது. வேலி உக்கிப்போய்விட்டது. எல்லாவற்றையும் தட்டெழுதினேன். கடைசியாகக் கிணற்றைப் பற்றிய வரிகள். அந்த நேரம் பார்த்து மச்சானின் அழைப்பு வந்தது. பேசி முடித்ததும் அந்த வரிகளைத் தட்டெழுதாமல், "இப்படிக்கு, நிஸ்தார், மாத்தளை" என்று போட்டு அனுப்பிவிட்டேன். சத்தியமாக, ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. தாளை மடித்து என் மேசை லாச்சியில் போட்டேன்.

"கிணத்து விசயம் போட்டீங்கதானே?" என்று கேட்டார்.

"போட்டேன் நானா."

இரண்டு நாளில் மல்லிகாவின் பதில் வந்தது. வழக்கம்போல நான்தான் வாசித்துக் காட்டினேன். "நானா, ரோட்டும் குரங்கும் எனக்குப் பெரிசில்ல. கிணறு இருக்குதானே, அது போதும். கெட்டதயும் மறைக்காம சொல்ற ஒங்கள நம்பி வாங்குறேன்."

நிஸ்தார் நானா அந்தக் கிணற்று வரியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். "நான் அவ்வளவு எழுதியும் அது போதும்னு சொல்லுதே" என்றார். பிறகு அவராகவே ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். "எப்படியும் சமாளிப்பேன்னு நெனைக்குது போல. தைரியமான புள்ள." நான் ஆமாம் என்றேன்.

மல்லிகாவின் தம்பி அவருக்காகக் கையெழுத்து வைத்தார். அடுத்த வருடம் மல்லிகா ஊருக்கே வந்துவிட்டார். அம்மாவைக் கூட்டிவந்தார். கத்தரியும் மிளகாயும் போட்டுத் தம்புள்ளைச் சந்தைக்கு லொறி ஏற்றினார். ஓகஸ்ட் வந்தது. ஒரு திங்கட்கிழமை, காலில் மண்ணோடு எங்கள் அலுவலகத்துக்குள் வந்து நின்றார்.

"நானா, கிணத்துல தண்ணி வத்தி அடிக்கல்லு தெரியுது. பக்கத்து ஆள்கிட்ட கேட்டா, வருசா வருசம் இப்படித்தானாம். ஒரு வாளி தண்ணிக்கு எங்கம்மா அடுத்த வளவுக்கு நடக்குறா. குரங்கு வரும்னு எழுதத் தெரிஞ்ச ஒங்களுக்கு இது தெரியாமப் போச்சா?"

"எழுதினேனே தங்கச்சி" என்றார் நிஸ்தார் நானா.

"எங்க எழுதினீங்க? இந்தா, பாருங்க!" என்று போனை அவர் கையில் திணித்தார். "பதினாலு வருசம் ஊரான் துணிய துவச்சேன் நானா. நீங்களும் இப்படியா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றுமே இல்லை.

"ஆமா தங்கச்சி, இதுல இல்ல" என்றார். "என்ட பேர்லதானே வந்திருக்கு. அப்ப பொறுப்பும் என்டதான். மன்னிச்சிக்கங்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. மல்லிகா அழுதுகொண்டே போனார். இனி எனக்கு விழும் என்று காத்திருந்தேன். நிஸ்தார் நானா பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றினார், எனக்கும் ஒரு கோப்பை வைத்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த நாள் காலை வந்ததும், "சேகர், இதுல தமிழ் அடிக்கிறது எப்படின்னு கொஞ்சம் காட்டித் தாங்க" என்றார்.

அன்றிலிருந்து மூன்று வருடம் அவர் எனக்கு ஒரு தாள்கூட நீட்டவில்லை. ஒற்றை விரலால் தேடித் தேடி, தானே தட்டினார். ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு காலை முழுவதும் போகும். எதிர் மேசையில் அந்த ஒற்றை விரல் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கண் லாச்சிப் பக்கம் போகும். மற்றபடி முன்பு போலவே பேசினார், சிரித்தார். நோன்புப் பெருநாளைக்கு என் வீட்டுக்கு வட்டிலாப்பம் அனுப்பினார். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இந்த விஷயம் எப்படிப் பரவியது என்பது உங்களுக்குத் தெரியும், பரப்பியவர்களில் நீங்களும் உண்டு. "நிஸ்தார் நானா காட்டின கிணறா? அப்ப வாளியோட தண்ணியயும் கொண்டு போ!" மாத்தளை தேநீர்க் கடைகளில் இந்தப் பகிடி இரண்டு வருடம் ஓடியது. ஒரு தடவை என் முன்னாலேயே சொன்னார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். சிலர் அவரிடம் காணி விற்கக் கொடுப்பதையே நிறுத்தினார்கள். அவர் காதுக்கும் போனது. "சிரிக்கட்டும் சேகர், வாய் வலிச்சா நிப்பாட்டுவாங்க" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் தேநீர்க் கடைக்குப் போகவில்லை. ஒவ்வொரு ஓகஸ்டிலும் கிணறு வெட்டும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நாவுலவுக்குப் போவார். கொஞ்சம் ஆழமாக்குவார்கள், பாறை வரும், நிறுத்துவார்கள். நான் செய்ததற்கு அவர் வெயிலில் நின்றார். நான் மின்விசிறிக்குக் கீழே இருந்தேன்.

அடக்கத்தன்று மையவாடி மதிலோரமாக நின்றுவிட்டு, அவர் வீட்டுப் பக்கம் வந்தேன். வாசலில் மல்லிகா. நாவுலவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார், கையில் ஒரு பை கத்தரிக்காய். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல மனுசன் சேர்" என்றார். "ஒரே ஒரு பொய் சொன்னாரு, அதுவும் எனக்கு. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். அத நேர்ல சொல்லணும்னு நெனச்சிட்டே இருந்தேன், முந்திக்கிட்டாரு."

"ஆமா, நல்ல மனுசன்" என்றேன் நான். தலையை வேறு ஆட்டினேன்.

அன்றுகூடச் சொல்லவில்லை! மண் போட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, அவரை இரண்டாம் முறையும் பொய்யராக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டாள். அவளுக்குத்தான் முதலில் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "ஒங்களுக்கு அந்த வீட்டு வட்டிலாப்பம் எப்படி எறங்கிச்சு?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் கழித்து லாச்சியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். இரண்டாவது மின்னஞ்சலை முழுவதுமாகத் தட்டெழுதினேன். அதன் கீழே, கிணற்று வரிகளை விட்டவன் யார், ஏன் விட்டான், காணி யாருடையது என்று எழுதி, என் பெயரைப் போட்டு மல்லிகாவுக்கு அனுப்பினேன். ஒன்பது நாள் பதில் இல்லை. பதில் போடாதவர்களைப் பற்றி நிஸ்தார் நானா சொன்னது நினைவுக்கு வந்தது. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. பத்தாவது நாள் வந்தது.

"வாசிச்சேன். அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். அவரு வீட்டுக்குப் போய் அவரு மனைவியோட காலடியில உக்காந்து அழுதுட்டு வந்தேன். எனக்கு மட்டும் சொன்னா சரியாப் போச்சா சேர்? அந்த மனுசனப் பார்த்துச் சிரிச்சவங்களுக்கெல்லாம் யாரு சொல்றது?"

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மல்லிகாவின் கிணற்றுக்குச் செய்யவேண்டியது தனி விஷயம். மச்சானின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது அதைச் செய்வேன். ஆனால் நிஸ்தார் நானா பொய் சொல்லவில்லை. அந்தப் பகிடியை இனி யாராவது சொன்னால், அதில் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.

அவருடைய பொறுமையோ நேர்மையோ என்னிடம் மிஞ்சியிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாயில்லை. என்னிடம் இருப்பது ஒரு கலண்டர் தாள் மட்டும்தான். மடித்து மடித்து நடுவில் கிழிந்துவிட்டது. நான் அனுப்பாத வரிகளை அவர் எழுதியபடியே இங்கே தருகிறேன்.

"கிணறு இருக்கு. இப்ப தண்ணி நெறைய. ஆனா ஓகஸ்ட்ல வத்திடும்னு பக்கத்துக் காணிக்காரர் சொல்றார். அவசரப்படாதீங்க தங்கச்சி. ஓகஸ்ட் வரட்டும், நானே போய் எட்டிப் பார்த்துட்டு ஒங்களுக்கு எழுதுறேன்."