மூன்று முறை கூப்பிட்டார்கள்

டெய்லரம்மாவின் புருஷன் செத்து ஆறு வருஷமாகிறது. அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. சொன்னால்தானே தெரியும்? அவள் மூச்சு விடவில்லை.

வேறு வழி இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு விடும்போதே ஓனர் பெரியவர் கறாராகச் சொல்லியிருந்தார். "ஆம்பளை இல்லாத குடும்பத்துக்கு நான் வீடு குடுக்கிறதில்ல. தெருவுல ஆளாளுக்குப் பேசுவாங்க." தெரு பேசியதோ இல்லையோ, பெரியவர் நன்றாகவே பேசுவார். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். வந்தால் படியேறும்போதே இரண்டு முறை இருமுவார். கதவைத் தட்ட வேண்டிய வேலையே இருக்காது.

ஒருநாள் எண்ணூறு மைலுக்கு அப்பால் ஏதோ ஒரு வளைவில் லாரி கவிழ்ந்தது. கொழுந்தன் போய், அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, ஒரு இறப்புச் சான்றிதழோடு திரும்பினான். அவள் அதைத் துணிப்பெட்டியின் அடியில் வைத்தாள். மேலே பள்ளிக்கூடச் சீருடைத் துணியை அடுக்கினாள். மறுநாள் காலை மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா உன் ஆளு? கண்ணுலயே படல" என்றார் பெரியவர்.

"லோடு ஏத்திட்டுப் போயிருக்காருங்க."

அன்றைக்குத் தொடங்கியது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அவருடைய நீலச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவாள். அவருடைய தோல் செருப்பை வாசலில், முனை உள்பக்கம் பார்க்க வைப்பாள். ஆள் வந்திருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு நாள் கழித்துச் செருப்பு உள்ளே போய்விடும். இரண்டு தட்டு கழுவும் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக இரண்டு தட்டு கழுவினாள். தையல்காரி அல்லவா, பொய்யையும் அளவெடுத்துத்தான் தைத்தாள்.

ஒன்றுதான் முடியவில்லை. அழ முடியவில்லை. லோடு ஏற்றிப் போன புருஷனுக்காக யாராவது ஒப்பாரி வைப்பார்களா? பக்கத்துப் போர்ஷனுக்கும் இதற்கும் நடுவில் சுவர் வேறு மெல்லிசு. அழுகை வரும்போதெல்லாம் மெஷினை வேகமாக மிதித்தாள்.

சில காலைகளில் கதவைத் திறந்தால் செருப்பு வெளிப்பக்கம் பார்த்து இருக்கும். பூனை தள்ளியிருக்கும் என்று திருப்பி வைப்பாள். பூனை ஒன்றைத் தள்ளும். இரண்டையும் ஜோடியாகவா திருப்பி வைக்கும்? அதை அவள் யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

பெரியவர் காலமானார். வீடு மகன் கைக்குப் போனது. கொஞ்ச நாளில் கோர்ட்டிலிருந்து ஒரு ஆள், செத்துப்போனவர் பெயருக்கு ஒரு சம்மனோடு வந்தான். இவள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மெஷினில் கால் வைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் வாங்காத காகிதம் நம்மை என்ன செய்துவிடும் என்று நினைப்பு. இப்படி நினைக்காத குடித்தனக்காரர் யார்? இரண்டாம் தடவை அவன் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போய்விட்டான்.

அதைப் பிய்த்தெடுத்து, கூட இருந்த மனுவைப் படித்தாள். வீட்டை வாடகைக்கு எடுத்தவர் பல வருஷமாக இங்கே இல்லையாம். யாரோ ஒரு பெண்ணுக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாராம். அதனால் காலி செய்ய உத்தரவிட வேண்டுமாம். யாரோ ஒரு பெண்! அந்த இடத்தை மட்டும் நாலு தடவை படித்தாள்.

கொழுந்தன் ஓடி வந்தான். "அண்ணி, அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மூஞ்சி. நான் போய் நின்னு நான்தான் அவருன்னு சொல்லிடறேன். கதை முடிஞ்சுது."

கதை முடிந்திருக்கும்தான், இரண்டு பேருக்கும் சேர்த்து. ஆனாலும் அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. செருப்பு வைத்தவளுக்கு ஆளையே வைப்பது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

கோர்ட்டுக் கட்டிடத்தில் இலவசமாக ஆலோசனை சொல்லும் அறை ஒன்று இருந்தது. அங்கே ஒரு வக்கீலம்மா இருந்தாள்.

"அவர் லோடு போயிருக்காரு. நான் பதில் குடுக்கலாங்களா?"

"எப்ப வருவாரு?"

 அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உண்மையைச் சொன்னாள், ரகசியம் போல.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. கதவ சாத்திக்கிட்டா கேஸ் நின்னுடாது. நீங்க இல்லாமலே உத்தரவு வந்துடும். தேதியில போய் நிக்கணும். அவங்க எழுதின ஒவ்வொரு பாராவுக்கும் இது சரி, இது பொய்னு பதில் எழுதணும். கூடவே குடியிருந்த சம்சாரம்னு காட்டி, அவரு இடத்துல நீங்க நின்னு வாதாடலாம். கல்யாணப் பத்திரமும் இறப்புச் சான்றிதழும் எடுத்துட்டு வாங்க. ஆனா அவரு இறந்துட்டாருன்னு நீங்கதான் சொல்லணும்."

"எழுதிக் குடுத்தாப் போதாதுங்களா? வாயால சொல்லணுமா?"

"பேரைக் கூப்பிடுவாங்க. எந்திரிச்சு சொல்லிடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

அந்தத் தேதியில், வீடு காலி என்று தெரியக் கூடாதே என்று செருப்பை உள்பக்கம் பார்க்க வைத்துவிட்டுக் கிளம்பினாள். கொழுந்தனும் கூட வந்தான்.

கோர்ட்டு அறை வாசலில் டவாலி வந்து நின்று, அவர் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து உரக்கக் கூப்பிட்டார். அந்தப் பெயரை யாரும் குரல் எடுத்துக் கூப்பிட்டு ஆறு வருஷம். அவள் தலை தானாகப் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. இருமல் கேட்குமா என்று காது தேடியது. கேட்டுவிடுமோ என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இரண்டாம் முறை கூப்பிட்டார். ஓனர் மகன் தன் வக்கீலைப் பார்த்துச் சிரித்தான். பெஞ்சின் மறுகோடியில் கொழுந்தன் பாதி எழுந்துவிட்டான். எழுந்த தோரணையில் அவன் அச்சு அசல் அண்ணன்.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவள் எழுந்து போய் அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அவரு செத்துட்டாருங்க. ஆறு வருஷமாச்சு. நான் அவரு சம்சாரம். நான் இருக்கேன்."

நீதிபதி சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார். இவளையே எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொன்னார். பதில் போட ஒரு தேதி கொடுத்தார். அன்றைக்கு வீடு கையை விட்டுப் போகவில்லை. யாரோ ஒரு பெண், காகிதத்தில் பெயருள்ள பெண்ணாகிவிட்டாள். குமாஸ்தா ஸ்கேலை வைத்து, கோணாமல், அவர் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றவளை வக்கீலம்மாதான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

மத்தியானம் தனியாகப் படியேறி வந்தாள். வாசலில் செருப்பு வெளிப்பக்கம் பார்த்து இருந்தது. இரண்டும், ஜோடியாக.

அப்படியே படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆறு வருஷத்து அழுகை, சுவரைப் பற்றிக் கவலைப்படாமல் வந்தது. பக்கத்துப் போர்ஷன்காரி ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"என்னாச்சு டெய்லரம்மா?"

"என் புருஷன் செத்துட்டாருக்கா."

"ஐயையோ! எப்போ?"

"ஆறு வருஷமாச்சு."

பக்கத்துப் போர்ஷன்காரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன உளர்ற? போன வாரம்கூடப் படியில இருமிக்கிட்டே ஏறினாரே. நான் உள்ள இருந்து கேட்டேனே."

சட்டை காயப்போட்டிருக்கிறாள். செருப்பு வைத்திருக்கிறாள். இரண்டு தட்டு கழுவியிருக்கிறாள். இருமிக் காட்ட வேண்டும் என்று மட்டும் அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அழுகை நின்றுவிட்டது. செருப்பைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்றாள். "நான் வாயே திறந்திருக்க மாட்டேனே."